ஓவியரிடம் பச்சை குத்துவதற்கான வடிவம் வாங்குவது: பணம் கொடுத்த பின் எது நமக்குச் சொந்தம்?

கயல் (பாயான் லெப்பாஸ், பினாங்கு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் உடலில் ஏற்கெனவே மூன்று பச்சைகள் உள்ளன. நான்காவது பச்சைக்கான வடிவத்தைக் கோலாலம்பூரில் இருக்கும் ஓர் ஓவியரிடம் வரைந்து வாங்கி, அதைப் பினாங்கில் நான் வழக்கமாகப் போகும் கடையில் குத்திக்கொள்ளலாம் என்று எண்ணியிருக்கிறேன். வரைபவர் ஒருவர், குத்துபவர் வேறொருவர் என்று ஆகும்போது எனக்குச் சில ஐயங்கள் எழுகின்றன. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

நான் கேட்கப்போவது என் பாட்டியின் கையில் இருந்த கோலம். பாட்டி நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர். ஒன்பது வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவதற்கு முன்பே, ஊருக்குப் பச்சை குத்த வந்த குறவர் சமூகத்துப் பெண்மணி ஒருவர் அவருடைய வலது முன்கையின் உட்பக்கத்தில் ஒரு சிறு கோலத்தையும் அதன் கீழே ஒரு வரிசைப் புள்ளிகளையும் குத்தியிருக்கிறார். நான் பார்த்த நாளில் அந்தக் கோடுகள் தடித்து, ஒன்றோடொன்று கலந்து, பாசி படர்ந்த நிறத்தில் இருந்தன. அம்மாவின் கைப்பேசியில் 2011இல் எடுத்த ஒரே ஒரு படம்தான் எஞ்சியிருக்கிறது. அதிலும் பாட்டி தேத்தண்ணீர்க் குவளையைப் பிடித்திருப்பதால் கோலத்தின் ஒரு மூலை மறைந்துவிட்டது. அந்த மூலையையும் சேர்த்து யோசித்து வரையத் தெரிந்தவர் வேண்டும் என்பதால்தான் ஓவியரைத் தேடினேன்.

அவர் கேட்கும் தொகை 450 வெள்ளி (ரிங்கிட்). ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் வடிவங்களை 120 வெள்ளி முதல் விற்கிறார். தொகையைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. முன்பு ஒருமுறை ஏமாந்ததால்தான் தயங்குகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சமூக ஊடகப் பக்கம் ஒன்றில், "உங்களுக்கென்றே வரைந்தது" என்ற உறுதிமொழியோடு ஒரு மயில் வடிவத்தை 180 வெள்ளிக்கு வாங்கி இடது தோளில் குத்திக்கொண்டேன். மயிலின் கழுத்துக்குக் கீழே, இறகுக்கும் சேராமல் உடலுக்கும் சேராமல், கால் அங்குல நீளத்தில் ஒரு வளைந்த கோடு தனியே நிற்கும். அது அழகுக்காகப் போட்டது என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் கூகுள் லென்ஸில் என் தோளின் படத்தைப் போட்டுத் தேடியபோது, வெளிநாட்டு ஓவியர் ஒருவர் அதற்கு ஈராண்டு முன்பே வெளியிட்ட அதே மயில் கிடைத்தது. அந்தக் கோடு இருந்த இடத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. விற்றவர் கையெழுத்தை அழிக்கும்போது அதன் கடைசி எழுத்தின் வால் விடுபட்டிருக்கிறது. அந்த வாலை நான் ஆயுள் முழுவதும் தோளில் சுமக்கிறேன். விற்ற பக்கமோ அதற்குள் மூடப்பட்டுவிட்டது.

ஆகவே இம்முறை தெரிந்துகொண்டு இறங்க விரும்புகிறேன். பணம் கொடுத்து வாங்கிய பின் அந்த வடிவம் என்னுடையதா, ஓவியருடையதா? அதை அவர் மற்றவர்களுக்கும் விற்கலாமா? ஒருவர் வரைந்ததை இன்னொருவர் குத்தச் சம்மதிப்பாரா? உண்மையில் அவரே வரைந்ததுதான் என்பதை எப்படி அறிவது?


தூரிகை (செந்தூல், கோலாலம்பூர்) எழுதியது:

கயல், தோளில் நிற்கும் அந்தக் கோட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. பதினொரு ஆண்டுகளாகப் பச்சைக்கென்றே வரைந்து விற்று வருகிறேன். என் வடிவங்களும் இப்படிக் கையெழுத்து அழிக்கப்பட்டு விற்கப்பட்டிருக்கின்றன. அந்தத் திருட்டில் ஏமாறுபவர் ஓவியர் மட்டும் அல்லர், வாங்குபவரும்தான் என்பதை உங்கள் பதிவு எனக்கு உணர்த்தியது.

முதலில் நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடைச் சுவர்களில் தாள் தாளாக ஒட்டியிருக்கும் வடிவங்களை ஃபிளாஷ் என்போம். ஹொனலுலுவின் ஹோட்டல் வீதிப் பகுதியில் கடை வைத்திருந்து 1973இல் மறைந்த நார்மன் காலின்ஸ், 'செய்லர் ஜெர்ரி' என்று அறியப்பட்டவர், வரைந்த நங்கூரங்களும் தகைவிலான் குருவிகளும் அவ்வகையைச் சேர்ந்தவை. ஒரே குருவி பல நூறு கைகளில் இருக்கும். அதை வாங்குபவரும் அது தெரிந்தே வாங்குகிறார், ஆகவே அதில் ஏமாற்றம் எதுவும் இல்லை. அடுத்தது, ஓவியர் தம் விருப்பத்தில் வரைந்து வைத்து ஒருவருக்கு மட்டும் விற்கும் வடிவம். விற்றவுடன் அதைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவார் அல்லது விற்றுவிட்டதாகக் குறிப்பார். மூன்றாவது, உங்கள் கோலத்தைப் போல, ஒருவர் கேட்டு அவருக்காகவே வரைவது. இவை போக, சுவரில் மாட்ட வரைந்த ஓவியத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்து, அதையே குத்திக்கொள்ள அனுமதி கேட்பவர்களும் உண்டு. அவர்களிடம் ஓர் அனுமதித் தொகை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பேன். கேட்காமல் குத்திக்கொண்டு பிறகு படத்தை அனுப்புபவர்களைவிட அவர்கள் எனக்கு மிக உயர்ந்தவர்கள்.

எந்த வகையாக இருந்தாலும் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். உங்கள் உடலில் ஒருமுறை குத்திக்கொள்ளும் அனுமதியைத்தான் நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள். சட்டையில் அச்சடிக்கவோ இன்னொருவருக்கு விற்கவோ அந்த அனுமதி போதாது.

தாமே வரைந்ததா என்பதை அறிய, முடிந்த படத்தைப் பார்ப்பதைவிட முடியாத படங்களைக் கேட்டுப் பாருங்கள். பென்சில் கிறுக்கல், பிடிக்காமல் விட்டுவிட்ட இரண்டாம் மூன்றாம் முயற்சிகள், அடுக்கு அடுக்காகப் பிரிந்திருக்கும் கோப்பு ஆகியவை வரைந்தவரிடம் கட்டாயம் இருக்கும். புரோகிரியேட் செயலியில் வரைபவராக இருந்தால், வரைந்த விதம் முழுவதையும் அது சுருக்கக் காணொளியாகத் தானே பதிவு செய்து வைத்திருக்கும். அதைக் காட்டச் சொல்வதில் தவறே இல்லை. யாரும் கேட்காமலே நான் அனுப்பிவிடுவேன்.

இப்போது செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படங்களைத் தாம் வரைந்ததாகச் சொல்லி விற்பவர்களும் வந்துவிட்டார்கள். கோலத்தைப் பொறுத்தவரை நமக்கு ஒரு நல்ல சோதனை கைவசம் இருக்கிறது. சிக்குக் கோலம் என்றால் ஏதேனும் ஓர் இடத்தில் விரலை வைத்துக் கோட்டோடு போங்கள். கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். ஒரே கோடாக இல்லாமல் இரண்டு மூன்று கோடுகளால் ஆன கோலமாக இருந்தாலும் ஒவ்வொன்றும் தன்னளவில் மூடியிருக்க வேண்டும். எந்திரம் செய்த படத்தில் பெரும்பாலும் கோடு நடுவழியில் இன்னொரு கோட்டுக்குள் கரைந்துவிடும், அல்லது ஒரு புள்ளி சுற்றப்படாமல் அனாதையாக நிற்கும். வாசலில் கோலம் போட்டுப் பழகிய எவரும் அதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

பாட்டியின் கோலத்தில் மறைந்துபோன மூலையைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். தெரியும் பகுதியில் புள்ளிகள் நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்பது தெளிந்துவிட்டால் மீதியைக் கணக்குப்படி மீட்டுவிடலாம். ஆனால் அந்த ஓவியர் உங்கள் அம்மாவோடும் ஒருமுறை பேசட்டும். படத்தில் இல்லாதது நினைவில் இருக்கக்கூடும்.


ஊசிமுனை (ஜார்ஜ் டவுன்) எழுதியது:

குத்துபவன் பக்கத்திலிருந்து நானும் சொல்ல வேண்டும். வெளியே வரைந்த வடிவத்தோடு வருபவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை. ஆயினும் தாம் வரைந்ததை மட்டுமே குத்துவது என்று வைத்திருப்பவர்களும் நம் ஊரில் உண்டு. அது அவர்களுடைய கொள்கை, கர்வம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆகையால் ஓவியருக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன்பே குத்துபவரிடம் கேட்டுவிடுங்கள். வடிவத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காகிதத்தில் அழகாக இருப்பது தோலிலும் அழகாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மை காலப்போக்கில் தோலுக்குள் சிறிது சிறிதாகப் பரவும். உங்கள் பாட்டியின் கையில் கோடுகள் தடித்துக் கலந்துபோனதற்கு அதுதான் காரணம். குத்தியவர் மேல் குறை இல்லை. எனவே கோலத்தில் கோட்டுக்கும் புள்ளிக்கும் இடையே நான் குறைந்தது மூன்று மில்லிமீட்டர் இடைவெளி கேட்பேன். ஏழு புள்ளிக் கோலத்தைத் தீப்பெட்டி அளவில் கேட்டால் பத்து ஆண்டுகளில் அது ஒரு கரும்பட்டையாகிவிடும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். முன்கையின் உட்பக்கத்துக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. மணிக்கட்டைத் திருப்பினால் அந்தத் தோல் முறுக்கிக்கொள்ளும். மேசையில் கையை மல்லாத்தி வைத்து ஒட்டிய சதுரம், கையைத் தொங்கவிட்டால் சாய்சதுரமாகிவிடும். கோலத்தைப் போல நேர்க்கணக்கில் அமைந்த வடிவத்துக்கு இது பெரிய சிக்கல். கையை இயல்பாகத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லித்தான், கோடுகளைத் தோலில் பதிக்கும் ஸ்டென்சில் தாளை நான் ஒட்டுவேன், சில நாள் நான்கு முறைகூட அழித்து ஒட்டியிருக்கிறேன்.

ஓவியரிடம் கேட்டு வாங்க வேண்டிய கோப்புகளையும் சொல்கிறேன். நிழலும் வண்ணமும் சேர்ந்த முழுப் படம் ஒன்று, வெறும் கோடுகள் மட்டும் கொண்ட படம் ஒன்று, இரண்டும் உண்மையான அளவில், ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாத தெளிவில் இருக்க வேண்டும். ஊதாத் தாளில் வெப்ப அச்சு எந்திரம் கோடுகளைத்தான் நன்றாக எடுக்கும், நிழலை எடுக்காது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும் என்பதால் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தேவையான இடத்தில் கோட்டைத் தடிப்பாக்கவும் இடைவெளியைக் கூட்டவும் குத்துபவருக்கு அனுமதி உண்டு என்று ஓவியர் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மற்றவர் கைவேலையில் நான் கை வைக்கத் தயங்குவேன். அதே நேரம் அப்படியே குத்தினால் கெட்டுப்போகும் என்றும் தெரிந்திருக்கும். அந்த இக்கட்டில் என்னை நிறுத்தாதீர்கள்.

கயல் கேட்கவில்லை என்றாலும், தமிழ் எழுத்துகளைக் குத்திக்கொள்ள வடிவம் வாங்குபவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் 'பொறுமை' என்ற சொல்லைக் கொண்ட வடிவத்தோடு வந்தார். தமிழ் தெரியாத ஒருவரிடம், அழகிய பூவேலைப்பாட்டோடு, நல்ல விலைக்கு வாங்கியது. ஸ்டென்சிலை அவர் கையில் ஒட்டிவிட்டு விலகி நின்று பார்த்தேன். ஒற்றைக்கொம்பு 'ப'வுக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றது. 'று' என்ற எழுத்தில் உகரக் குறி 'ற'வோடு சேராமல் தனியே தொங்கியது. 'மை'யின் கொம்பும் இடம் மாறியிருந்தது. வரைசெயலியில் தமிழைக் கோக்கும் வசதியை இயக்காமல் எழுத்துகளை ஒட்டினால் இப்படித்தான் உடையும். அந்த இளைஞருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மலாய்ப் பள்ளியில் படித்தவர். ஸ்டென்சிலைச் சாராயத் திரவத்தால் துடைத்துவிட்டு, என் கையாலேயே அந்தச் சொல்லைத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழில் எழுத்து வேண்டும் என்றால் தமிழ் வாசிக்கத் தெரிந்த இருவரிடமாவது காட்டிய பிறகே பணத்தின் மீதியைக் கொடுங்கள்.


வழக்குக்கட்டு (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்) எழுதியது:

ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் அறிவுசார் சொத்துக் கோப்புகளைப் பார்த்து வருகிறேன். தூரிகை அக்கா சொன்னவற்றில் ஒன்றை மட்டும் மரியாதையோடு திருத்த வேண்டியிருக்கிறது. "எந்த வகையாக இருந்தாலும் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்" என்பது பல நாடுகளுக்குப் பொருந்தலாம். மலேசியாவில் அது அப்படியே பொருந்தாது.

நம் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் இன்னொருவர் ஒரு படைப்பை ஆக்கித் தந்தால், இருவருக்கும் இடையே வேறுவிதமான உடன்பாடு இல்லாதபோது, பதிப்புரிமை கேட்டவருக்கு மாறியதாகக் கருதப்படும் என்கிறது. அதாவது கயல் தம் பாட்டியின் கோலத்தை வரையச் சொல்லி, இருவரும் எதுவுமே எழுதிக்கொள்ளாவிட்டால், சட்டம் கயல் பக்கம் சாயும். அதே ஓவியர் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்த 120 வெள்ளி வடிவத்தை வாங்கினால் நிலைமை தலைகீழ்: அது கேட்டு வரைந்தது அல்ல என்பதால் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். அங்கே 27ஆம் பிரிவு முக்கியம் பெறுகிறது. பதிப்புரிமையை மாற்றித் தருவதும், அதன்கீழ் அனுமதி தருவதும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். வாய்ச்சொல்லும் "சரி, எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற குரல்பதிவும் போதாது. ஆகவே இரண்டு வகையிலும் காகிதம் வேண்டும்; ஒன்றில் ஓவியரின் பாதுகாப்புக்காக, மற்றதில் வாங்குபவரின் பாதுகாப்புக்காக.

காகிதத்தின் மதிப்புக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு நல்ல சான்று. குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் முகத்தில் இருக்கும் பச்சையை 2003இல் வரைந்து குத்தியவர் விக்டர் விட்மில். அந்த வடிவத்தை ஒரு திரைப்படம் வேறொரு நடிகரின் முகத்தில் போட்டுக் காட்டியபோது, 2011இல் அவர் தயாரிப்பு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். அவரிடம் இருந்த வலிமையான சான்றுகளில் ஒன்று, பச்சை குத்திக்கொண்ட நாளில், இதன் கலைவேலை முழுவதும் குத்தியவருக்கே சொந்தம் என்று டைசன் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒரு தாள். படம் வெளிவருவதைத் தடுக்க நீதிபதி மறுத்துவிட்டார். ஆனால் விட்மிலின் உரிமைக்கோரிக்கை வெல்ல வாய்ப்பு அதிகம் என்றார். பின்னர் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

கோலத்தைப் பற்றியும் ஒரு சொல். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த புள்ளிக் கணக்கும் சிக்கும் எவருக்கும் தனிச்சொத்து ஆகாது. அந்த ஓவியர் மறைந்த மூலையைத் தம் கற்பனையில் முடித்து, கோட்டின் தடிப்பையும் ஓரவேலையையும் தாமே தேர்ந்திருந்தால், அந்தத் தேர்வுகளில்தான் புதிய உரிமை பிறக்கிறது. உங்கள் பாட்டியின் கையில் இருந்ததை இனி வேறு யாரும் குத்திக்கொள்ளக் கூடாது என்று நீங்களும் தடுக்க முடியாது, அவரும் தடுக்க முடியாது.

மயில் விஷயத்தில், மூல ஓவியர் வெளிநாட்டவர் என்பதால் அவருக்கு இங்கே உரிமை இல்லை என்று எண்ண வேண்டாம். மலேசியா 1990இல் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. அதில் உள்ள நாடுகளின் படைப்பாளிகளுக்கு இங்கும் பாதுகாப்பு உண்டு. நீங்கள் நடந்ததை அவருக்கே நேரடியாக எழுதித் தெரிவிப்பது நல்லது என்பது என் கருத்து. அவருக்குத் தெரிய வேண்டிய செய்தி அது. இங்கே நான் எழுதியது பொதுவான விளக்கம்தான். பெரிய தொகை சம்பந்தப்பட்டிருந்தால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.


ரெஜாங் கரை (ஸ்தாப்பாக், கோலாலம்பூர்) எழுதியது:

வேலையின் பொருட்டு சரவாக்கின் சிபுவில் ஆறு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். வழக்குக்கட்டு அண்ணன் கோலத்தைப் பற்றிச் சொன்னது சட்டப்படி சரிதான்; ஆனால் எவருக்கும் தனிச்சொத்து அல்லாத வடிவங்கள் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்று நம்மவர்கள் அதைப் புரிந்துகொள்ளக் கூடாது. சரவாக்கின் பழங்குடியினரான இபான் மக்களின் 'புங்கா தெருங்', அதாவது கத்தரிப்பூ, இரு தோள்களின் முன்புறத்திலும் இணையாகக் குத்திக்கொள்வது. இளைஞன் வீட்டை விட்டு 'பெஜலாய்' என்னும் பயணம் புறப்படும் பருவத்தோடு சேர்ந்தது அது. பூவின் நடுவில் இருக்கும் சுருளுக்கு 'தாலி ஞாவா', உயிர்க்கயிறு, என்று பெயர். அந்தச் சுருளை இணையத்திலிருந்து எடுத்து 'பழங்குடி வடிவம்' என்று பெயரிட்டு, ஐம்பது வெள்ளிக்கு விற்பவர்களை இங்கே பார்க்கிறேன். அதை விரும்புபவர்கள் ஓர் இபான் ஓவியரிடம் போய், பொருளைக் கேட்டுத் தெரிந்து, அவர் தகும் என்று சொன்ன இடத்தில் குத்திக்கொள்ளட்டும். பணமும் அவர் கைக்கே போகட்டும்.

கயலிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டிக்குக் குத்திய அந்தப் பெண்மணியின் பெயர் நமக்குக் கிடைக்காது. ஆனாலும் இந்தப் பச்சையின் படத்தை நீங்கள் வெளியிடும்போது, வரைந்தவர், குத்தியவர் பெயர்களோடு, மூலக் கோலம் குறவர் சமூகத்துப் பெண் ஒருவர் குத்தியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.


தூரிகை எழுதியது:

வழக்குக்கட்டுத் தம்பிக்கு நன்றி. பதினொரு ஆண்டுகளில் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. வெளிநாட்டு ஓவியர்கள் பயன்படுத்தும் படிவத்தை மொழிபெயர்த்துத்தான் இதுவரை வைத்திருந்தேன். அதில் பதிப்புரிமை யாரிடம் என்ற வரியே கிடையாது, அது தானாகவே என்னிடம் இருக்கும் என்று நம்பியிருந்தேன். இன்று உட்கார்ந்து மாற்றி எழுதிவிட்டேன். 'இவ்வடிவத்தின் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும் என இருவரும் உடன்படுகிறோம். ஓவியர் இதை வேறு எவருக்கும் விற்கவோ குத்த அனுமதிக்கவோ மாட்டார். வாங்குபவர் தம் உடலில் ஒருமுறை குத்திக்கொள்ளவும், பிற்காலத்தில் மங்கினால் மறுபடி மையேற்றிக்கொள்ளவும், குத்துபவர் தோலுக்கு ஏற்பக் கோட்டின் தடிப்பையும் இடைவெளியையும் மாற்றவும் ஓவியர் அனுமதிக்கிறார்' என்பது அதன் நடுப்பகுதி. மறுபடி மையேற்றுவதைச் சேர்க்க வேண்டும் என்பது ஊசிமுனை எழுதியதைப் படித்த பிறகுதான் தோன்றியது. கயலுக்குத் தேவைப்பட்டால் இதை அப்படியே எடுத்து உங்கள் ஓவியரிடம் காட்டலாம்.


கயல் எழுதியது:

ஐந்து வாரங்களுக்குப் பிறகு வருகிறேன். பதில் எழுதிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

தூரிகை அக்காவின் வாசகத்தை ஓவியரிடம் காட்டினேன். அவர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். சட்டப்படி பதிப்புரிமை என் பக்கம் வரும் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். சொல்லிவிட்டு, அது அவரிடமே இருக்கட்டும் என்றேன். எனக்கு வேண்டியது அது வேறு யாருக்கும் விற்கப்படாது என்ற உறுதி மட்டுமே. இருவரும் கையெழுத்திட்ட தாளில் ரெஜாங் கரை அண்ணன் சொன்னதையும் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறோம். 225 வெள்ளி முன்பணம், மீதி கடைசிக் கோப்பு வந்த பிறகு. மயிலை வரைந்தவருக்கும் எழுதிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

முதல் வரைவு வந்தபோது அதை அம்மாவிடம் காட்டினேன். மறைந்திருந்த மூலையை ஓவியர் மீட்டிருந்த விதத்தை அம்மா உடனே ஒப்புக்கொண்டார். கீழே இருந்த புள்ளி வரிசையைப் பார்த்ததும் முகம் மாறியது. ஐந்து புள்ளிகளும் ஒரே நேர்க்கோட்டில், ஒரே இடைவெளியில் இருந்தன. "கடைசிப் புள்ளி இப்படி நிற்காதே" என்றார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மணிக்கட்டுக்கு அருகே இருக்கும் ஐந்தாவது புள்ளி மற்றவற்றிலிருந்து விலகி, சற்றுக் கீழிறங்கித்தான் இருக்கிறது. கைப்பேசி எடுத்த கோணத்தால் அப்படித் தெரிகிறது என்று ஓவியரும் நானும் நினைத்திருந்தோம். ஒன்பது வயதுப் பாட்டி நான்கு புள்ளிவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாராம்; ஐந்தாவது புள்ளிக்கு ஊசி இறங்கும்போது கையை இழுத்துவிட்டாராம். அதைச் சொல்லித்தான் பிள்ளைகளைத் தூங்க வைப்பாராம். எனக்கு இது தெரியாது.

ஓவியர் ஐந்தாவது புள்ளியை அதன் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிட்டார். பினாங்கில் குத்துபவருக்கு அனுப்பும் தாளில், கடைசிப் புள்ளி விலகியிருப்பது பிழை அன்று, அதை நேராக்க வேண்டாம் என்று தம் கையால் எழுதிக் கையெழுத்தும் இட்டிருக்கிறார். ஸ்டென்சிலைக் கையைத் தொங்கவிட்டு நிற்கவைத்தே ஒட்ட வேண்டும் என்று நானும் சொல்லிவைத்திருக்கிறேன். இவ்வாண்டு தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறேன்; புதுப் பச்சையோடு வெயிலில் நடக்கக் கூடாது என்பதால் தைப்பூசம் முடிந்த அடுத்த சனிக்கிழமைக்கு நாள் குறித்திருக்கிறோம். அம்மாவும் கூட வருகிறார்.